காப்புரிமை வசூல்காரர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், 2009-ஆம் ஆண்டு மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவில் படித்து முடித்த மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "தொழில்முனைவு பற்றி ஏதாவது பேசுப்பா, பசங்களுக்கு ஒரு ஊக்கம் வரட்டும்" என்றார். ஊக்கம் கொடுக்க என்னைவிடத் தகுதியான சீனியர்கள் முன் வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சொந்தமாக ஒரு பொருள் செய்து நாலு பேருக்கு விற்க ஆரம்பித்தால், அதுவும் வெளிநாட்டுக்கு விற்க ஆரம்பித்தால், உங்கள் வாசலுக்கும் வரக்கூடிய கடிதம் அது. பேச்சின் முடிவில் சங்கத்திடம் ஒரு கோரிக்கையும் வைத்திருக்கிறேன். பொருளாளர் பதற வேண்டாம், பெரிய தொகை இல்லை.

முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. 2012-ஆம் ஆண்டு கடைசியிலிருந்து 2013-ஆம் ஆண்டு நடுப்பகுதி வரை, அந்த நாட்டில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வரிசையாகக் கடிதங்கள் வந்தன. அனுப்பியவர்களின் பெயர்களை யாரும் கேள்விப்பட்டதில்லை. நாலைந்து எழுத்தைக் குலுக்கிப் போட்டு வைத்த மாதிரிப் பெயர்கள். கடிதத்தின் சாரம் இதுதான்: "உங்கள் அலுவலகத்தில் ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் வசதி இருக்கும் என்று நம்புகிறோம். அந்த முறைக்கான காப்புரிமை எங்களிடம் இருக்கிறது. ஆகவே ஓர் ஊழியருக்கு இவ்வளவு என்று பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிக் கொள்ளுங்கள்." தலைக்கு ஆயிரம் டாலர், ஆயிரத்து இருநூறு டாலர் என்று கேட்டார்கள். நாற்பது பேர் வேலை செய்யும் இடம் என்றால் நாற்பதாயிரம் டாலர். கடையில் விலை கொடுத்து வாங்கி வைத்த மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தியதற்கு!

கவனியுங்கள், ஸ்கேனர் செய்கிற பெரிய கம்பெனியை அவர்கள் கேட்கவில்லை. அங்கே ஒரு மாடி முழுக்க வக்கீல்கள் இருப்பார்கள். ஸ்கேனரை உபயோகிக்கிறவனைத்தான் பிடித்தார்கள். வெர்மாண்ட் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனத்துக்குக்கூட இந்தக் கடிதம் போனது. 2013 மே மாதம் அந்த மாநில அரசு இவர்கள் மேல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு, கெட்ட எண்ணத்தோடு காப்புரிமையைக் காட்டி மிரட்டுவதைத் தடுக்க ஒரு சட்டமும் கொண்டு வந்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல் சட்டம்.

பிறகு மத்திய வணிக ஆணையம் உள்ளே புகுந்து தோண்டியபோது முழு விஷயமும் வெளியே வந்தது. எம்.பி.எச்.ஜே. டெக்னாலஜி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம், அதன் கீழ் 81 துணைக் கம்பெனிகள், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களுக்குக் கடிதம். ஏற்கெனவே பல பேர் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் வாங்கியவர்கள் மிகச் சிலரே. பணம் வராவிட்டால் வழக்குப் போடுவோம் என்று வக்கீல் பெயரில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் போயிருந்தன. அப்படி மிரட்டப்பட்டவர்களில் ஒருவர் மேலும் வழக்குப் போடவில்லை, போட ஏற்பாடும் செய்யவில்லை என்றது ஆணையம். 2014 நவம்பரில் சமரசம் ஆயிற்று. இனிமேல் பொய் சொல்லிக் கடிதம் அனுப்பினால் கடிதத்துக்கு 16,000 டாலர் வரை அபராதம். இனிமேல் அனுப்பினால்தான்! பழைய பதினாறாயிரம் கடிதத்துக்கு ஒரு காசு அபராதம் கிடையாது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் பேட்டன்ட் ட்ரோல் என்று பெயர். ட்ரோல் என்பது வட ஐரோப்பிய நாட்டுக் கதைகளில் வரும் பூதம். பாலத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை மடக்குமாம். நம் ஊர் சுங்கச்சாவடி ஞாபகம் வருகிறதா? அங்கேயாவது ரோடு போட்டவர்கள் வசூலிக்கிறார்கள். இந்தப் பெயர் பரவக் காரணமாக இருந்தவர் இன்டெல் கம்பெனியில் வக்கீலாக இருந்த பீட்டர் டெட்கின். அதற்கு முன்னால் இவர்களை "மிரட்டிப் பணம் பறிப்பவர்கள்" என்று சொல்லப்போக, அவதூறு வழக்கே வந்துவிட்டது. சரி, வேறு பெயர் வைப்போம் என்று 2001 வாக்கில் பிடித்த பெயர்தான் ட்ரோல். வேடிக்கை என்னவென்றால், அதே டெட்கின் பின்னால் இன்டலெக்சுவல் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். ஆயிரமாயிரமாகக் காப்புரிமைகளை வாங்கிக் குவித்த நிறுவனம் அது. பெயர் வைத்தவர் வீட்டு வாசலிலேயே அந்தப் பெயரைக் கொண்டுபோய் ஒட்டினார்கள் விமர்சகர்கள்.

நிற்க. காப்புரிமை என்றால் என்ன என்று மாணவர்களுக்காக இரண்டு வார்த்தை. அது ஓர் ஒப்பந்தம். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் ஊருக்குச் சொல்லு, பதிலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருஷம் வேறு யாரும் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையைத் தருகிறேன் என்று அரசாங்கம் சொல்கிறது. வீடு, நிலம் மாதிரி அதை விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். ஒரு கம்பெனி திவாலானால் மேஜை நாற்காலியோடு காப்புரிமையும் ஏலத்துக்கு வரும். வாங்குகிறவன் கண்டுபிடித்தவனாக இருக்க வேண்டியதில்லை, இன்ஜினியராகக்கூட இருக்க வேண்டியதில்லை.

காப்புரிமைப் பத்திரத்தில் படம் இருக்கும், பத்துப் பக்கம் விளக்கம் இருக்கும். அதெல்லாம் அலங்காரம். கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான் உயிர். நாலு காலும் முதுகுச் சாய்மானமும் உள்ள நாற்காலி என்று கோரியிருந்தால், சாய்மானம் இல்லாத ஸ்டூலை அது தொடாது. அதே மாதிரி, அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்னாலேயே யாராவது நாலு காலும் சாய்மானமும் வைத்து நாற்காலி செய்து, அதை அச்சில் எழுதி வைத்திருந்தால் அந்தக் கோரல் செல்லாது. இதற்கு முன்கலை என்று பெயர். இந்த வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

அப்படியானால் நாலு காலி நாற்காலிக்கே காப்புரிமை எப்படிக் கொடுத்துவிடுகிறார்கள்? அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரிக்குக் கிடைப்பது சராசரியாக இருபது மணி நேரம் வாக்கில்தான். அதற்குள் படித்து, தேடி, பதில் எழுதி முடிக்க வேண்டும். அவர் தேடுவது பெரும்பாலும் பழைய காப்புரிமைகளில். மென்பொருள்காரர்களோ ஆதியில் காப்புரிமை எடுத்தவர்கள் அல்ல. அவர்கள் செய்ததெல்லாம் கையேட்டிலும், பத்திரிகைக் கட்டுரையிலும், மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும்தான் கிடக்கிறது. அது அதிகாரியின் கம்ப்யூட்டரில் தட்டுப்படாது. விண்ணப்பத்தின் மொழியையும் சொல்ல வேண்டும். "தபால் எழுதுவது" என்று எழுத மாட்டார்கள். "தகவல் தாங்கும் ஊடகம் ஒன்றைத் தொலைவிலுள்ள பெறுநர் ஒருவரிடம் சேர்ப்பிக்கும் முறை" என்று எழுதுவார்கள். படிக்கிறவருக்கும் ஏதோ புதிதாக இருக்கிறதே என்று தோன்றிவிடும்.

இது கம்ப்யூட்டர் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். மோட்டார் கார் பிறந்தபோதே பிறந்த வியாதி. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் ஜார்ஜ் செல்டன் என்று ஒரு காப்புரிமை வக்கீல். 1879-இல், எண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்த வண்டிக்கு விண்ணப்பம் போட்டார். ஆனால் காப்புரிமை சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். அந்தக் காலத்துச் சட்டப்படி, வழங்கிய தேதியிலிருந்து 17 வருஷம் உரிமை. கார் விற்கத் தொடங்கும் முன்பே வாங்கி வைத்தால் வீணாய்ப் போய்விடும் அல்லவா? ஆகவே திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம் என்று பதினாறு வருஷம் இழுத்தடித்து, 1895-இல் வாங்கினார். அதற்குள் ஊரெல்லாம் கார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். செல்டன் அதுவரை ஒரு காரையும் செய்து விற்றவர் அல்ல.

1899-இல் அந்தக் காப்புரிமை எலக்ட்ரிக் வெஹிகிள் கம்பெனி கைக்குப் போனது. பெயரைப் பார்த்தீர்களா? மின்சார வண்டிக் கம்பெனி, பெட்ரோல் வண்டிக்காரர்களிடம் வசூல்! 1903-இல் பெரிய கார் கம்பெனிகள் பல ஒன்றுகூடி ஒரு சங்கம் வைத்து, காரின் விலையில் நூற்றுக்கு ஒன்றே கால் வீதம் ராயல்டி கட்ட ஒப்புக்கொண்டன. ஏன் ஒப்புக்கொண்டார்கள்? சங்கத்தில் சேராதவனைத் தொழிலை விட்டே துரத்தலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. ஹென்றி ஃபோர்ட் கட்ட மாட்டேன் என்றார். வழக்கு. 1909-இல் ஃபோர்ட் தோற்றார். விடாமல் மேல்முறையீடு போனார். 1911 ஜனவரியில் தீர்ப்பு: செல்டனின் காப்புரிமை செல்லும், ஆனால் அது பிரேட்டன் வகை எஞ்சினுக்குத்தான். ஃபோர்டும் மற்றவர்களும் உபயோகிப்பது ஆட்டோ வகை எஞ்சின், ஆகவே மீறல் இல்லை. நம் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் இரண்டு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்வார்களே, அந்தப் படம்தான் அமெரிக்கக் கார்த் தொழிலை விடுவித்தது. எட்டு வருஷம் வழக்கு நடந்தது. அடுத்த வருஷமே காப்புரிமை காலாவதி. எட்டு வருஷம் வக்கீலுக்குச் செலவழிக்க ஃபோர்டால் முடிந்தது. எல்லோராலும் முடியுமா?

இன்னொரு வழக்கு, நம் காலத்தது. இணையக் கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போடுகிறோமே, அந்தக் கூடைக்குக் காப்புரிமை! ஓப்பன் மார்க்கெட் என்ற கம்பெனி 1990-களில் வாங்கியது. அது கைமாறி, வாங்கிய கம்பெனி திவாலாகி, கடைசியில் சோவரெய்ன் என்ற நிறுவனத்திடம் வந்தது. 2005-இல் அமேசான் அதற்கு 4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நியூஎக் என்ற கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றது. டெக்சாஸில் ஜூரியிடம் தோற்று, மேல்முறையீட்டில் 2013 ஜனவரியில் ஜெயித்தது. 1980-களிலேயே கம்ப்யூசர்வ் நெட்வொர்க்கில் இதே மாதிரிக் கடைத்தெரு இருந்தது, ஆகவே சோவரெய்ன் கோரியது புதுமை அல்ல என்றது நீதிமன்றம். அமேசானின் 4 கோடி? கொடுத்தது கொடுத்ததுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, தானே தயாரிக்காமல் காப்புரிமை மட்டும் வைத்திருப்பவர் எல்லோரும் திருடர் என்று முடிவு கட்ட வேண்டாம். விட்டுவிட்டு இயங்கும் கார் வைப்பரைக் கண்டுபிடித்த ராபர்ட் கீர்ன்ஸும் கார் தயாரித்தவர் அல்லர். ஃபோர்ட், கிரைஸ்லர் கம்பெனிகளோடு பல வருஷம் போராடி 1990-களில் ஜெயித்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் செல்டனை எதிர்த்து நின்ற அதே ஃபோர்ட் கம்பெனி! பல்கலைக்கழகங்களும் காப்புரிமையை விற்கத்தான் செய்கின்றன. நான் பார்க்கிற வித்தியாசம் ஒன்றுதான். நியாயமானவர் கடிதத்தில் எந்தக் கோரல், எந்தப் பொருள், எப்படி மீறுகிறது என்று எழுதுவார். மற்றவர்கள் தொகையை மட்டும் தெளிவாக எழுதுவார்கள்.

இனி எங்கள் கதை. பெயர்களைச் சொல்லப் போவதில்லை.

நான் அப்போது கோவையில் 14 பேர் கொண்ட சிறிய கம்பெனி ஒன்றில் இருந்தேன். குளிர்சாதன அறைகளுக்கும் லாரிகளுக்கும் ஒரு சின்னப் பெட்டி செய்வோம். உள்ளே வெப்பநிலை கூடினால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகும். ஐஸ்கிரீம், தடுப்பூசி, மீன் எல்லாம் கெடாமல் இருக்க. அமெரிக்காவில் ஒரு சிறிய விநியோகஸ்தர் எங்களிடம் வாங்கி விற்றார். 2016-இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது, 35,000 டாலர் கேட்டு. அவர் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பிவிட்டார். கொள்முதல் ஆர்டரின் பின் பக்கத்தில் பொடி எழுத்தில், காப்புரிமைத் தகராறு எது வந்தாலும் சப்ளையர் பொறுப்பு என்று இருந்தது. எல்லா ஆர்டரிலும் இருக்கிற வரிதான். அதை நீக்கினால்தான் வியாபாரம் என்று சொல்லும் தெம்பு 14 பேர் கம்பெனிக்கு ஏது?

எங்கள் முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். டிப்ளமோ படித்து, லேத்தில் நின்று மேலே வந்தவர். கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"தம்பி, இவங்க என்ன பொருள் பண்றாங்க?"

"ஒண்ணும் பண்றதில்லீங்கண்ணா."

"அப்ப நாம யாரோட பொருளைப் பாத்து காப்பி அடிச்சோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு தயாரிப்பாளர்கள் மோதினால், உன் காப்புரிமையை நான் மீறினால் என்னுடையதை நீயும் மீறுகிறாய் என்று கணக்கைப் பேசிச் சமாதானமாகிவிடலாம். ஒன்றுமே தயாரிக்காதவனிடம் எதைக் காட்டிப் பேசுவது?

அந்தக் காப்புரிமையை நான் வரி வரியாகப் பிரித்தேன். விண்ணப்பித்தது 2000-இல். கோரலில் நாலு அம்சங்கள்: வெப்பநிலையை அளப்பது, எல்லையோடு ஒப்பிடுவது, தானாகத் தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்புவது, நேரத்துக்குத் தக்கபடி பட்டியலிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. அதாவது, பகலில் சூப்பர்வைசருக்கும் ராத்திரியில் வாட்ச்மேனுக்கும் சொல்வது. இதுதான் அந்த 35,000 டாலர் கண்டுபிடிப்பு.

முன்கலை தேடி இணையத்தில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். 2000-க்கு முந்தைய சமாசாரம் இணையத்தில் அதிகம் இல்லை. பிறகுதான் நம் கல்லூரி நூலகம் ஞாபகம் வந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தேன். பைண்டு செய்த பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை வால்யூம் ஒன்றில், 1997-ஆம் ஆண்டு இதழில், முதல் மூன்று அம்சங்களும் சர்க்யூட் படத்தோடு கிடைத்தன. நாலாவது கிடைக்கவில்லை. அப்போது நூலகத்தில் பணியிலிருந்த அண்ணன், "கருவிகளோட வந்த கையேடெல்லாம் பின்னால கட்டி வெச்சிருக்கோம், திங்கக்கிழமை எடைக்குப் போகுது, வேணும்னா பாருங்க" என்றார். எட்டுச் சாக்கு. ஆறாவது சாக்கில் தானாக டயல் செய்யும் ஓர் அலாரம் கருவியின் கையேடு. அதில் பகல் எண், இரவு எண் என்று இரண்டு பட்டியல் போட்டு வைக்கும் முறை ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. முதல் பக்கத்தில் நம் நூலக முத்திரை, சேர்க்கை எண், 1998-ஆம் வருஷத் தேதி. கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம் ஜெயித்தோமா என்று கேட்பீர்கள். கணக்கைச் சொல்கிறேன். காப்புரிமை அலுவலகத்திலேயே ஒரு காப்புரிமையை எதிர்க்கும் மறுஆய்வு முறை அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. நல்ல முறை. ஆனால் அன்றைக்கு அதன் அரசுக் கட்டணம் மட்டுமே 23,000 டாலர். வக்கீலுக்கு அதைப் போலப் பல மடங்கு. கோர்ட்டுக்குப் போனால் சின்ன வழக்கே பல லட்சம் டாலர். அங்கே ஜெயித்தாலும் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. கேட்டது 35,000. ஏன் ஐந்து லட்சம் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறதா? எதிர்த்து நிற்க ஆகும் செலவுக்குக் கீழே, சரியாக அளந்து போட்ட தொகை அது. காப்புரிமை நல்லதா கெட்டதா என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு வக்கீலைப் பிடித்து, நாங்கள் கண்டெடுத்த இரண்டு ஆவணங்களையும் வைத்துப் பதில் எழுதினோம். பதில் எழுதியதற்கு மட்டும் 6,000 டாலர். அடுத்த வாரமே 35,000 என்பது 8,000 ஆக இறங்கியது. தங்கள் காப்புரிமை மேல் அவர்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள். எங்கள் விநியோகஸ்தர் எங்களைக் கேட்காமலே அந்த 8,000-ஐக் கட்டிவிட்டு, எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் கடை நடக்க வேண்டும். மொத்தம் 14,000 டாலர், அன்றைய கணக்கில் ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த வருஷம் இரண்டு பேரை வேலைக்கு எடுப்பதாக இருந்தோம். இருவரும் நேர்முகத் தேர்வில் தேறியவர்கள். அண்ணா அவர்களுக்குத் தானே போன் செய்து, இப்போதைக்கு இல்லை என்று சொன்னார். அந்தப் போனை என்னிடம் தள்ளிவிட்டிருக்கலாம், தள்ளவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. சமரச ஒப்பந்தத்தில், விவரங்களை இரு தரப்பும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு ஷரத்து. கிட்டத்தட்ட எல்லாச் சமரசத்திலும் அது உண்டு. இதனால், நாம் சாக்கைக் கொட்டித் தேடிக் கண்டுபிடித்தது அடுத்து கடிதம் வாங்கிய ஆளுக்குத் தெரியாது. அவனும் முதலிலிருந்து தேட வேண்டும். தேடத் தெரியாவிட்டால் முழுத் தொகையும் கட்ட வேண்டும்.

நம் நாட்டில் எப்படி? நம் சட்டம் சில விஷயங்களில் கெட்டிக்காரச் சட்டம். 3(கே) பிரிவின்படி, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் வியாபார முறைக்கும் காப்புரிமை இல்லை. காப்புரிமை வழங்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம், நீங்களும் நானும்கூட. காப்புரிமையை வைத்துக்கொண்டு இந்தியாவில் என்ன செய்தாய் என்று படிவம் 27-இல் கணக்குச் சொல்ல வேண்டும். முன்பு வருஷத்துக்கு ஒரு தடவை, 2024 முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை.

அதற்காக இங்கே தொந்தரவே வந்ததில்லை என்று இல்லை. இரண்டு சிம் போடும் கைபேசிக்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் 2002-இல் விண்ணப்பித்து 2008-இல் காப்புரிமை வாங்கினார். அவர் வேறு யாரிடமும் விலைக்கு வாங்கியவர் அல்லர், தானே விண்ணப்பித்தவர். அதைச் சொல்லிவிட வேண்டும். 2009-இல் சுங்கத்துறையிடம் அதைக் காட்டியதும், இறக்குமதியான இரட்டை சிம் கைபேசிகள் தடுக்கப்பட்டன. பல கம்பெனிகள் கலங்கிப்போயின. 2012-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. 2018-இல் சுங்க விதிகளிலிருந்து காப்புரிமையையே நீக்கிவிட்டார்கள். நுணுக்கமான காப்புரிமை வழக்கைத் துறைமுகத்தில் பெட்டி திறந்து பார்க்கும் அதிகாரி எப்படித் தீர்ப்பார்? சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவிலும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2015 வாக்கில் நாட்டின் காப்புரிமை வழக்குகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் டெக்சாஸின் கிழக்கு மாவட்டம் ஒன்றிலேயே போடப்பட்டன. மார்ஷல் என்ற சின்ன ஊரில், கோர்ட் வாசலில், சாம்சங் கம்பெனி பனிச்சறுக்குத் தளத்துக்கு ஸ்பான்சர் செய்திருந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். ஜூரியாக வரப்போகிறவர்கள் ஊர்க்காரர்கள் அல்லவா? 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம், இஷ்டப்பட்ட ஊரில் வழக்குப் போட முடியாது என்று கட்டுப்படுத்தியது. ஆனாலும் கடிதத்துக்குத் தபால் செலவு கூடிவிடவில்லை. நம் மாணவர்கள் எழுதும் செயலியும் செய்யும் கருவியும் முதல் நாளே அமெரிக்காவுக்குப் போகிற காலம் இது. ஆகவே இது அந்த ஊர்க் கதை என்று விட்டுவிட முடியாது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன்.

பாட்காஸ்ட் என்று எல்லோரும் காதில் மாட்டிக் கேட்கிறீர்களே, அதற்கே காப்புரிமை இருக்கிறது என்று பர்சனல் ஆடியோ என்ற கம்பெனி 2013-இல் வசூலுக்குக் கிளம்பியது. எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் பொதுமக்களிடம் நிதி திரட்டி எதிர்த்தது. எதைக் காட்டி ஜெயித்தார்கள் தெரியுமா? சி.என்.என். தொலைக்காட்சியும் கனடா வானொலியும் 1990-களிலேயே தங்கள் நிகழ்ச்சிகளை இணையத்தில் பகுதி பகுதியாகப் போட்டு வைத்திருந்ததற்கான ஆவணங்கள். 2015 ஏப்ரலில் அந்தக் கோரல்கள் ரத்தாயின. 2017-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. யாரோ ஒருவர் பழைய காகிதத்தைத் தேதியோடு வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

நம் கல்லூரியில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு துறையிலும் இறுதியாண்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள், வருஷத்துக்கு நாற்பது ஐம்பது வீதம், பழைய ஆய்வகத்துக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றில் பாதி சுமார்தான், என்னுடையதையும் சேர்த்து. ஆனால் 1990-களில் ஒரு மாணவர் செய்து பார்த்து, வரைந்து, தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி வைத்தது, எங்கோ ஒரு நீதிமன்றத்தில் ஒரு மோசமான காப்புரிமையை உடைக்கும் சாட்சியாக முடியும்.

ஆனால் ரிப்போர்ட் இருந்தால் மட்டும் போதாது. இதில் இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகள் உண்டு. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே ஓர் ஆய்வேடு இருந்தது. முறையாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. அது உலகம் முழுக்க வெளியான நூலுக்குச் சமம் என்று 1986-இல் ஏற்றுக்கொண்டார்கள். 1989-இல் வேறொரு வழக்கு. அமெரிக்காவின் ரீட் கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகள். அவையும் பத்திரமாக இருந்தன, யார் கேட்டாலும் பார்க்கலாம். ஆனால் பட்டியல் அட்டைகள் மாணவர் பெயர் வரிசையில் மட்டும் ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தன. தலைப்பு தெரியாத ஒருவர் பொருள் வாரியாகத் தேட வழியில்லை. ஆகவே செல்லாது என்றார்கள். நம் துறைகளில் இருப்பதும் செருப்புப் பெட்டிதான். பதிவு எண் வரிசை, பெயர் வரிசை, அவ்வளவே.

ஆகவே சங்கத்தை நான் கேட்பது இது. முதலாவது, ரிப்போர்ட்டுகளும், கருவிகளோடு வந்த கையேடுகளும், பழைய பத்திரிகை வால்யூம்களும் இந்த வருஷம் எடைக்குப் போக வேண்டாம். புதிய கட்டடத்துக்கு மாறும்போது இடம் போதாது என்று நூலகர் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதற்கு இரும்பு அலமாரிகள் வாங்கச் சங்கம் பணம் கொடுக்கட்டும். அடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பொருள், சேர்க்கை எண், தேதி போட்டு ஒரு பட்டியல் தயாரித்து, யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பட்டியல் பொருள் வாரியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஸ்கேன் செய்வதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். (ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவதற்கு இப்போது யாரும் பணம் கேட்க மாட்டார்கள்.)

அலமாரிக்கு என் பங்கைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். எங்கள் பேட்ச் நண்பர்கள் ஆறு பேர் டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் வந்து உட்கார்ந்து எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். மின்னணுத் துறையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்பது என் கணக்கு. எங்கள் ஆறு பேரால் முடியாது. இயந்திரவியல், மின்னியல் துறைச் சீனியர்கள் வந்தால்தான் அந்தத் துறை ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று புரிந்து பொருள் போட முடியும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், நூலக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், துறை, எந்தத் தேதிகளில் வர முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள்.